நம்மூர் வெயிலுக்குக் கூல் பிளக்கு

பாத்துங்க தம்பி, அந்தப் பை மேல முழங்கையை வெக்காதீங்க. உள்ள முட்டை இல்லீங்க. முட்டையா இருந்து ஒடைஞ்சா ஆம்லெட்டாவது போட்டுக்கலாம். இது பிளக்கு. காருக்குப் போடற ஸ்பார்க் பிளக்கு, நாலு. சீமையில இருந்து வரவழைச்சது. மேல பீங்கான், தட்டுனா விண்டு போயிரும். நான் மடியில வெச்சுக்கறேன், நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. பொள்ளாச்சிங்களா? நானும் பொள்ளாச்சிதான்.

சிரிக்கறீங்க. கார் பிளக்கை மடியில வெச்சுட்டு பஸ்ஸுல போறானே இந்தாளுன்னு நெனைக்கறீங்க. நெனைச்சுக்குங்க, தப்பில்லை. காரு பொள்ளாச்சில என்ற மச்சினன் தோப்புல நிக்குது. என்ற சம்சாரமும் அங்கதான் இருக்குது. ரெண்டையும் இன்னிக்குக் கூட்டிட்டு வந்தர்றதுன்னு கெளம்பிட்டேன். பிளக்கை மாட்டுனா காரு கெளம்பும். காரு கெளம்புனா அவளும் கெளம்புவா. இதுல வேற ஒண்ணும் இல்லை.

சண்டையெல்லாம் இல்லீங்க. ஆரு சொன்னது சண்டைன்னு? பொம்பளைங்க கூடப் பொறந்தவன் வீட்டுக்குப் போனா பத்து நாளு இருந்துட்டு வர்றதில்லையா? இவ ஒரு மாசமா இருக்கறா. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறா. அங்க டவர் கெடைக்காதுங்க. மச்சினனுக்குக் கெடைக்குது, அது வேற கம்பெனி சிம்மா இருக்கும்.

பையன் சொன்னான், அப்பா நான் வேணும்னா என்ற வண்டில கூட்டிட்டுப் போறேன்னு. வேண்டாம்னுட்டேன். அவன் வந்தா மருமக வருவா, மருமக வந்தா பேரன் பேத்தி வரும், அப்பறம் அது சமாதானத் தூது மாதிரி ஆயிரும். நான் போறது பிளக்கு மாட்டறதுக்கு.

காரு மோரிஸ் மைனருங்க. பச்சைக் கலரு. பழைய காலத்து வண்டி. மாமனார் வெச்சிருந்தது. அவரு பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக்காரர். அவரு போனதுக்கப்பறம் வண்டி எங்க வீட்டுக்கு வந்துச்சு. வசந்தாமணிக்கு, அதான் என்ற சம்சாரத்துக்கு, அந்த வண்டின்னா உசுரு. அவங்கப்பன் அவளுக்குத் தோப்புக்குள்ள ஓட்டப் பழக்கிக் குடுத்தாராம். பதினாறு வயசுப் புள்ளைக்கு. பதினெட்டு ஆனதும் லைசென்ஸ் கூட எடுத்துக் குடுத்திருக்கறாரு. அந்தக் காலத்துலயே. என்ன பெருமையோ போங்க. கல்யாணத்துக்கப்பறம் அந்தப் பழக்கமெல்லாம் தானா நின்னு போச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. வண்டி எங்க வீட்டுக்கு வந்ததும் சாவியை என்ற சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

நான் ஆருன்னு சொல்லலையே. பம்பு மோட்டார் பட்டறை வெச்சிருந்தனுங்க, பீளமேட்டுல. நாச்சிமுத்து பட்டறைன்னா சுத்துப்பட்டு விவசாயிக்கெல்லாம் தெரியும். பையன் கையில ஒப்படைச்சுட்டு வீட்டுல உக்காந்தேன். உக்காந்தா எதையாவது கழட்டணும்னு கை பரபரங்குது. கொட்டாய்ல நின்ன மோரிஸைக் கழட்டுனேன். மோட்டார்ங்கறது நம்ம ரத்தத்துலயே ஓடுதுங்க. எந்த மோட்டாரா இருந்தா என்ன, சுத்தணும், அவ்வளவுதானே. இதைச் சொன்னா என்ற மச்சினன், சென்னியப்பன்னு பேரு, அவன் சொல்றான், "மச்சான், உங்க பம்பு மோட்டாரெல்லாம் கரண்டுல ஓடறதுங்க. அதுல பிளக்கே கெடையாதுங்களே"ன்னு. என்னமோ பெருசாக் கண்டுபிடிச்சுட்டான். தேங்காய் வியாபாரிக்கு இதெல்லாம் தெரியுமாங்க?

வண்டியெல்லாம் தட்டி ஒட்டி, பெயின்ட் அடிச்சு, சீட்டு தெச்சு, பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு. கடைசியா பிளக்குக்கு வந்தேன். பழசு நாலும் கருத்துக் கெடந்துச்சு. வசந்தாமணி பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தா. அவளுக்கு வண்டியைக் கழட்டறதைப் பாக்கறதுன்னா சோறு தண்ணி வேண்டாம். கழட்டி வெச்ச பிளக்கை எடுத்து, முந்தானையில தொடைச்சு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு சொல்றா, "ஏனுங்க, அப்பா போட்டிருந்த நம்பரையே வாங்குங்க. இது ஹாட் பிளக்கு. நாம மெதுவா ஓட்டறதுக்கு இதுதானுங்க நிக்கும். இல்லீன்னா இதையே தொடைச்சுப் போட்டுக்கலாம், இன்னும் நல்லாத்தான் இருக்குது."

நான் கேட்டேன், "ஏன் அம்மிணி, நம்மூர் வெயிலுக்கு ஹாட் பிளக்கா? சித்திரை மாசத்துல கம்பளியப் போத்திட்டுப் படுப்பியா நீயி?"

அவ வாயை மூடிக்கிட்டா. நாயமாப் பேசுனா இப்படித்தாங்க, எதிராளி வாயே தொறக்க மாட்டான்.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பிளக்குல ரெண்டு தினுசு இருக்குதுங்க. ஹாட் பிளக்கு, கூல் பிளக்கு. ஹாட் பிளக்கு சூட்டை உள்ளயே வெச்சுக்கும். கூல் பிளக்கு சூட்டை வெளிய தள்ளிரும். ரேஸ் வண்டிக்கெல்லாம் கூலுதான் போடறாங்க. நம்மூருல வெளிய நின்னா மண்டை வேகுது. இங்க ஆராச்சும் ஹாட் போடுவாங்களா? சின்னப் புள்ளைக்குத் தெரியுற கணக்கு. ரேஸ்காரன் போடறதுலயே ஒசந்ததா ஒண்ணு சொல்லி, வெளிநாட்டுல இருக்கற அக்கா பையன் மூலமா வரவழைச்சேன்.

சென்னியப்பன் காதுக்கு இது போயிருச்சு. அக்காளும் தம்பியும் போன்ல இதைத்தான் பேசுவாங்க போல. அவன் எங்க வீட்டுக்கு வந்து, காபி குடிச்சுட்டு, மெதுவா ஆரம்பிக்கறான். "மச்சான், ஹாட்டு கூலுங்கறது வெளி வெயிலுக்கு இல்லீங்க. வண்டி ஓடற ஓட்டத்துக்கு. நூறுல பறக்கற வண்டிக்கு உள்ள சூடு ஏறும், அதுக்குக் கூலு வேணும். நீங்க தேர் இழுக்கற மாதிரி ஓட்டறீங்க. பிளக்கு மொனை சூடாகாது. சூடானாத்தான் கரி எரிஞ்சு போகும். இல்லீன்னா கரி புடிச்சு நடுவழில நின்னுரும்."

கரி புடிக்குமாம். கரி புடிக்கறதுக்கு அதென்ன வடைச்சட்டியா? நான் சண்டைக்குப் போகலை. மாமன் மச்சான் உறவு கெட்டுரக் கூடாது பாருங்க. "மாப்ளை, நீ தேங்காய் உரிக்கறப்ப நான் வந்து மட்டை எப்படி உரிக்கணும்னு சொன்னனா?"ன்னு மட்டும் கேட்டேன். அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான். நல்ல பையந்தான். அறிவு கொஞ்சம் கம்மி.

ஈச்சனாரி வந்துருச்சுங்க. புள்ளையார் கோயில். ஒரு கும்புடு போட்டுக்கறேன். நம்ம காரியம் இன்னிக்கு ஆகணும்.

எங்க விட்டேன்? ஆங். கோயமுத்தூர்ல பழைய கார் சங்கம்னு ஒண்ணு இருக்குதுங்க. நானும் சேந்தேன். நல்ல மனுசங்க. வண்டியை வெய்யில்ல நிறுத்த மாட்டாங்க, மழையில நனைய விட மாட்டாங்க, ஓட்டவும் மாட்டாங்க. பஞ்சுல தொடைச்சுட்டே இருப்பாங்க. பெத்த புள்ளை விழுந்து முட்டியைப் பேத்துட்டு வந்தா எந்திரிக்க மாட்டாங்க, வண்டில ஒரு கீறல் விழுந்தா ராத்திரி சோறு எறங்காது. அவங்க வருசத்துக்கு ஒருக்கா ஊர்வலம் விடறாங்க. இந்தத் தடவை கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி வரைக்கும். இதே ரோட்டுலதான்.

வசந்தாமணி பட்டுச்சீலை கட்டி, பூ வெச்சு, காலங்காத்தால வண்டிகிட்ட வந்து நிக்கறா. "ஏனுங்க, கெணத்துக்கடவு தாண்டி கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுங்களா? எங்கப்பா வண்டி எங்கூருக்குள்ள போகுது"ன்னு கேக்கறா. அறுவது வயசு. நான் என்னத்தைச் சொல்றது? "அத்தனை வண்டிக்கு நடுவுல மானத்தை வாங்காதே, ஏறி உக்காரு"ன்னேன். ஏறி உக்காந்தா. நான் கோவமாச் சொல்லலைங்க, சிரிச்சுட்டேதான் சொன்னேன்.

வண்டி என்ன அழகாப் போச்சு தெரியுங்களா. ஜனமெல்லாம் ரோட்டோரம் நின்னு போட்டோ புடிக்குது. நான் இருவதுலயே விட்டுட்டுப் போறேன், எல்லாரும் பாக்கணும்ல. கெணத்துக்கடவு மேட்டுல ஏறறப்ப வண்டி இருமுது. ஒரு இருமல், ரெண்டு இருமல், அப்பறம் காசநோய்க்காரன் மாதிரி விடாம. நடு மேட்டுல நின்னு போச்சு.

பின்னால வர்றவனெல்லாம் ஆரன் அடிச்சுட்டே தாண்டறான். சங்கத்துலயே ஓட்டை வண்டி வெச்சிருக்கற ஒரு டாக்டரு, அவருகூட கையைக் காட்டிட்டுப் போறாரு. எனக்கு மூஞ்சியெல்லாம் எரியுதுங்க. வசந்தாமணி எறங்குனா. பானட்டைத் தூக்குனா. அவ ஹேண்ட்பேக்குல இருந்து பிளக் ஸ்பேனர எடுக்கறா தம்பி. ஹேண்ட்பேக்குல. சீப்பு, விபூதிப் பொட்டலம் வெக்கற எடத்துல. ஒரு பிளக்கைக் கழட்டி எங்கிட்டக் காட்டுனா. கறுப்பா இருந்துச்சு. தூசியா இருக்கும். அந்த ரோட்டுல தூசி சாஸ்தி, நீங்களே பாக்கறீங்களே.

பட்டுச்சீலையை வாரிச் சொருகிக்கிட்டு உப்புத்தாள்ல நாலையும் தேச்சு மாட்டுனா. வண்டி கெளம்புச்சு. ஒரு பர்லாங்கு போய் மறுபடி நின்னு போச்சு. அதுக்குள்ள சங்கத் தலைவரு திரும்பி வந்துட்டாரு, கூட நாலஞ்சு பேரு, போட்டோக்காரன் ஒருத்தன். "என்னாச்சுங்க நாச்சிமுத்து, என்ன பிளக்கு போட்டிருக்கீங்க?"ன்னு கேக்கறாரு. எல்லாரும் என்ற வாயையே பாக்கறாங்க. ஊர்வலம் பாக்கறேன்னு மச்சினனும் தோப்புல இருந்து ஜீப்பை எடுத்துட்டு வந்து நிக்கறான், கையில கயிறு. முன்னக்கூட்டியே கயிறு கொண்டு வந்திருக்கான் பாருங்க, அந்த நம்பிக்கை.

நான் சொன்னேன், "பிளக்கெல்லாம் பர்ஸ்ட் கிளாசுங்க. என்ற சம்சாரம் சோக்கை இழுத்து அதுல ஹேண்ட்பேக்கை மாட்டிட்டாங்க. பெட்ரோல் முழுங்கிருச்சு. பொம்பளைங்களுக்கு என்னங்க தெரியும்."

ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. அந்த எடத்துல வேற என்ன சொல்றது? சோக்குங்கறது ஸ்டேரிங்குப் பக்கத்துல இருக்கற குமிழு தம்பி, இழுத்தா பெட்ரோல் சாஸ்தியா எறங்கும். அவ அதும்பக்கமே கையைக் கொண்டு போகலை, பேக்கு அவ மடியிலதான் இருந்துச்சு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெளி ஆளுக்குத் தெரியாதுல்ல? அப்பறம் என்ன? எல்லாரும் சிரிச்சாங்க, தலைவரும் சிரிச்சாரு, விஷயம் அதோட முடிஞ்சுது. வீட்டு மானம் வெளிய போகலை.

அவ சிரிக்கலை. கையில கரி. பட்டுச்சீலையில கரி. நெத்தியைத் தொடைச்சாளா என்னமோ, அங்கயும் கரி. என்னை ஒரு பார்வை பாத்தா. ஸ்பேனரைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடுனா. தம்பியோட ஜீப்புல போய் ஏறிக்கிட்டா. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறாங்க, அவ திரும்பித் திரும்பி வண்டியைப் பாத்துட்டே போறா. நான் ரோட்டுலயே நிக்கறேன். என்னைப் பாக்கலை. கூட்டத்துல மறந்திருப்பா.

எனக்கும் ரோசம் இருக்குதுல்ல? பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். தானா வருவான்னு இருந்தேன்.

அதுக்கப்பறம் நான் ரொம்பச் சௌகரியமா இருக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. மெஸ்ஸுல சாப்பாடு. டிவி ரிமோட் என்ற கையில. ஆரும் நையி நையின்னு கேக்கறதில்லை, மாத்திரை போட்டீங்களா, துண்டைக் காயப் போட்டீங்களான்னு. வீடு அமைதியா இருக்குது. ரொம்ப அமைதியா இருக்குது. ஒரு நாளு சாயங்காலம் நானே காபி போட்டேன். போட்டுட்டுப் பாக்கறேன், ரெண்டு டம்ளர்ல ஊத்தியிருக்கறேன். ரெண்டையும் நானே குடிச்சேன். அன்னிக்குப் பூராத் தூக்கம் வரலை. காபியாலதான்.

அப்பறம் உக்காந்து யோசிச்சேன். தப்பு எங்க நடந்துச்சுன்னு பட்டறைக்காரன் யோசிக்கணும்ல. கண்டுபிடிச்சுட்டேன். நான் போட்ட கூல் பிளக்கு பத்தலைங்க. நம்மூர் வெயிலுக்கு அது போதாது. அதைவிட ஒரு படி கூலா ஒண்ணு இருக்குது. இது அதுதான். இதை மாட்டி, சென்னியப்பன் கண்ணு முன்னால ஸ்டார்ட் பண்ணி, ஒரு சுத்து சுத்திட்டு, "ஏறு அம்மிணி, வீட்டுக்குப் போலாம்"னு சொன்னா எல்லாம் சரியாப் போயிரும். வேற என்ன கொறை அவளுக்கு? பிளக்குதானே பிரச்சினை.

என்னங்க தம்பி, வெளிய பாக்கறீங்க. சோக்கா? சோக்கைப் பத்தி எதுக்கு அவகிட்டப் பேசறது? அது முடிஞ்சு போன விஷயமுங்க. நீங்களும் கல்யாணம் ஆனவரா? அதான் அவ சைடு பேசறீங்க.

சித்தெ இருங்க, போன் அடிக்குது. மச்சினன்.

சொல்லு மாப்ளை... ஆமாமா, பஸ்ஸுல... கோவில்பாளையம் தாண்டியாச்சு... ஆருக்கு? நீ வரவேண்டாம், நான் ஆட்டோ புடிச்சு வந்தர்றேன்... என்னது?... ஆரு?... எந்த வண்டில?... பிளக்கு?... ஓ... ஓ... எப்ப இருந்து?... அதை அவரே சொன்னாரா?... சரி... ம்... சரி மாப்ளை... ம்.

ஒண்ணுமில்லீங்க.

இல்லை, ஒண்ணுமில்லை. வசந்தாமணி பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாளாம். என்னையக் கூட்டிட்டுப் போறதுக்கு. மோரிஸ்ல.

அவங்கப்பன் போட்டிருந்த பழைய நாலு பிளக்கையும், நான் கழட்டுன அன்னிக்கே அவ துணில சுத்தி வண்டி டிக்கில வெச்சிருந்தாளாம். ரோட்டுலயே எடுத்து மாட்டலாம்னு இருந்தாளாம், அதுக்குள்ள நான் சோக்குன்னுட்டேன். தோப்புக்குப் போன மறுநாளே மாட்டிட்டாளாம். ஒரே தட்டுல ஸ்டார்ட்டாம். ஒரு மாசமா தெனமும் காலையில ஆனைமலை வரைக்கும் போயிட்டு வர்றாளாம், தனியா. ஊருல டீக்கடைக்காரனெல்லாம் கை காட்டறானாம். எனக்கு ஒரு வார்த்தை ஆரும் சொல்லலை பாருங்க. நான் இங்க பிளக்கு பிளக்குன்னு அலைஞ்சுட்டு இருக்கறேன்.

இன்னும் கேளுங்க. சங்கத் தலைவருக்கு இவளே போன் பண்ணியிருக்கறா. "நான் சோக்கைத் தொடலைங்க, பேக்கு என்ற மடியில இருந்துச்சு, என்ன பிளக்கு போட்டிருந்தாருன்னு அவரையே கேளுங்க"ன்னு சொல்லிட்டாளாம். அவரு சிரிக்கலையாம். அடுத்த வருச ஊர்வலத்துல மோரிஸ் ஓட்டறது வசந்தாமணின்னு பேரை எழுதிட்டாராம். அப்ப நான் ஆருங்க? வண்டிக்குப் பூ மாட்டறவனா?

அப்பறம் ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்கறா. இன்னிக்கே வீட்டுக்கு வர்றாளாம். வர்றேன்னுட்டா தம்பி. அவ ஒரு சொல்லு சொல்லிட்டா மாற மாட்டா. ஆனா வண்டியை அவதான் ஓட்டுவாளாம். வழில பிளக்கைப் பத்தி நான் பேச்செடுக்கக் கூடாதாம். கோயமுத்தூர் வரைக்கும் பேசாம வரணுமாங்க, நானு. அப்படி எத்தனையோ நாளு அவ இருந்திருக்கறா, நான் இருக்க மாட்டனா? இருப்பேன். பிளக்கைத் தவிர வேற பேச்சு எனக்கும் இருக்குது. என்ன பேச்சுன்னு இப்பத்துக்கு நெனப்பு வரலை. மத்தியானம் சாப்டியான்னு கேக்கலாம். ஒரு மாசமா கேக்கலையே.

நான் அவகிட்டச் சொல்லணும் தம்பி. சோக்கைத் தொட்டதா நான் சொன்னது பொய்யின்னு இல்லை, அது அவளுக்கே தெரியுமே. வீடு நல்லால்லைன்னு சொல்லணும். அதை எப்படிச் சொல்றதுங்க? பட்டறையில நூறு பேருக்கு வேலை சொல்லியிருக்கறேன், இது மட்டும் வாயில வர மாட்டேங்குது.

பொள்ளாச்சி வந்துருச்சுங்களா? அதா பாருங்க. அந்த ஆவின் கடைக்கிட்ட, பச்சைக் கலரு. ஸ்டேரிங்குல உக்காந்திருக்கறாளே, அவதான். கண்ணாடி போட்டுட்டா. எப்ப இருந்து கூலிங் கிளாஸ் போடறா? இன்ஜினை ஆஃப் பண்ணாம வெச்சிருக்கறா, கேக்குதுங்களா? இத்தனை சத்தத்துலயும் கேக்குது எனக்கு. ஒரு இருமல் இல்லை. ஒரே சீராப் பேசுது.

கூட்டம் எறங்கட்டும். எல்லாரையும் பாக்கறா பாருங்க, ஜன்னல் ஜன்னலா. இந்தப் பக்கக் கதவைத் தொறந்து வெச்சிருக்கறா எனக்கு. அந்தச் சீட்டுல நான் உக்காந்ததே இல்லீங்க தம்பி. வண்டி எங்க வீட்டுக்கு வந்து இத்தனை வருசத்துல ஒருக்காக்கூட இல்லை. அங்க இருந்து பாத்தா ரோடு எப்படித் தெரியும்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க முன்னால எறங்குங்க, நான் பின்னாலயே வர்றேன்.